மூன்றடிக் கதவு

பீரோவின் பக்கப் பலகையில் புதிதாக ஒரு கீறல் விழுந்திருந்தது. ஒரு சாண் நீளம். முழங்கால் உயரத்தில்.

மாமியார் குனிந்து விரலால் தடவிப் பார்த்தாள். எச்சில் தொட்டுத் தேய்த்தாள். போகவில்லை.

"இது இப்ப விழுந்தது. ராத்திரி படுக்கப் போகும்போது நான் பாத்தேன். இல்ல."

காலை ஐந்தே முக்கால். பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே மூத்த மகன் நின்றுகொண்டிருந்தான், முதுகில் மனைவியுடன். முன்னறையிலிருந்து பின்னால் குளியலறை வரை போகும் நடை அது. அகலம் நாலடி. பீரோ அதில் இரண்டடி நாலு அங்குலத்தை எடுத்துக்கொண்டிருந்தது. மீதி இருபது அங்குலம். முதுகில் ஒருத்தியைச் சுமப்பவன் அதில் நேராகப் போக முடியாது. நண்டு மாதிரி பக்கவாட்டில்தான் நகர வேண்டும். நகரும்போது தன் கால்கள் எங்கே உரசுகின்றன என்று அவளுக்கே தெரியாது. காலை நிமிர்த்திப் பிடிக்கக் கட்டியிருந்த பட்டையின் கொக்கி பலகையைக் கீறியிருந்தது.

"அம்மா, வழிய விடு."

"விடறேன். யார் வீட்டுச் சாமான்டா இது? நாளைக்கு சம்பந்தி வந்து பாத்தா நான் என்ன பதில் சொல்றது?"

"இவளை இறக்கி விட்டுட்டு வந்து பேசறேம்மா."

"கால்ல ஒரு துணியச் சுத்திவிடுன்னு எத்தனை தடவை சொன்னேன். நான் சொன்னா யார் கேக்கறா?"

மூத்த மருமகள் கணவனின் தோளில் நெற்றியை வைத்துக் கண்ணை மூடியிருந்தாள். கழிப்பறைக்குப் போனது நேற்று மாலை ஆறு மணிக்கு. பன்னிரண்டு மணி நேரம் ஆகப்போகிறது. கால்களில்தான் அவளுக்கு உணர்வில்லை. அடிவயிற்றில் இருந்தது. மருத்துவர் அதை அதிர்ஷ்டம் என்று சொல்லியிருந்தார். வாயைத் திறந்தால் அடக்கிவைத்தது தளர்ந்துவிடும். அதனால் அவள் பேசவில்லை.

மாமியார் ஒதுங்கினாள்.

"போ. இன்னைக்கு ஆபீசர் வர்றார். அவர் முன்னாடி மூஞ்சியத் தூக்கி வெச்சுக்க வேணாம்னு சொல்லு."

பக்கத்து அறையில் இளைய மருமகள் விழித்துக்கொண்டுதான் படுத்திருந்தாள். கதவு சாத்தியிருந்தது. எல்லாம் கேட்டது. கணவனின் கையை விலக்கிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். கல்யாணமாகி இரண்டு மாதம் ஆகியிருந்தது. பீரோ அவளுடையது.

மூத்தவள் இரண்டு வருடங்களுக்கு முன்புவரை ஒரு சரக்குக் கிடங்கில் வேலை பார்த்தவள். ஏணி சரிந்து மூன்றாவது தட்டிலிருந்து விழுந்தாள். கம்பெனி ஒரு வீல்சேர் கொடுத்தது. கொடுக்கும்போதே இரண்டு தாளில் கையெழுத்தும் வாங்கிக்கொண்டது. இப்போது வீட்டில் உட்கார்ந்து சட்டைகளுக்கு அளவு எழுதிய லேபிள் தைக்கிறாள். ஒரு நாளைக்கு முந்நூறு சட்டை. கழுத்துப் பட்டையின் உள்பக்கம், நடுவில், நாலு தையல்.

அவள் கணவன் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறான். காலை ஆறேகாலுக்குப் போனால் மாலை ஐந்தே முக்காலுக்குத் திரும்புவான். ஆகவே அவளுடைய நாளுக்கு இரண்டே மணிகள்தான்: காலை ஐந்தே முக்கால், மாலை ஆறு. நடுவே தண்ணீர் குடிப்பதில்லை. உதடு காய்ந்தால் ஈரத் துணியை ஒற்றிக்கொள்வாள்.

மாமியார் கொடுமைக்காரி இல்லை. ஆஸ்பத்திரி வார்டில் இருபத்தாறு வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றவள். அந்த வருமானத்தில்தான் இந்த வீட்டைக் கட்டினாள், இரண்டு பிள்ளைகளைப் படிக்கவைத்தாள். மருமகள் விழுந்து வீட்டுக்கு வந்த முதல் நாளே படுத்தபடியே மலஜலம் கழிக்க ஒரு படுக்கைத் தட்டை வாங்கிவந்து கட்டிலுக்கு அடியில் வைத்தாள். எவர்சில்வர். நல்ல கனம்.

"என்னைக் கூப்பிடு. நான் எடுக்கறேன். எத்தனை பேருக்கு எடுத்திருக்கேன். பெரிய பெரிய அதிகாரியெல்லாம் என் கையில இருந்திருக்காங்க. அவங்களுக்கு இல்லாத வெக்கம் உனக்கென்ன?"

மூத்தவள் முதல் மூன்று மாதம் அதைப் பயன்படுத்தினாள். மாமியார் கதவைச் சாத்த மாட்டாள். வார்டுப் பழக்கம். வேலையைச் செய்துகொண்டே முன்னறையில் இருப்பவர்களோடு பேசுவாள். ஒரு நாள் தவணைக்காரர் வாசலில் நின்றார். அவரிடம் அடுத்த வாரம் வரச் சொல்லிவிட்டு, அதே மூச்சில் திரும்பி, "ஆச்சா?" என்றாள். அன்று மாலை மூத்தவள் கணவனிடம் தன்னைக் கொல்லைக் கழிப்பறைக்குத் தூக்கிப் போகும்படி கேட்டாள். இரண்டு படி இறங்க வேண்டும். தூக்கிப் போனான். அப்போதிருந்து இரண்டு வேளையும் அவன்தான்.

அதன் பிறகு மாமியார் எப்போது தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாலும் மூத்தவள் சொல்வது ஒன்றுதான்.

"வேண்டாம் அத்தை."

"குடிக்கிற தண்ணில கூடத் திமிரு பாரு," என்று மாமியார் தம்ளரைத் திருப்பி எடுத்துப் போவாள்.

அரசாங்க உதவித் திட்டம் ஒன்றைப் பற்றிச் சொன்னது ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுக்கும் பெண். குறைந்த வருமானக்காரர்களின் வீட்டில் வீல்சேர் போகிற மாதிரி கதவை அகலப்படுத்திக் கொடுப்பார்கள், சாய்தளம் போடுவார்கள், கைப்பிடி வைத்த குளியலறை கட்டித் தருவார்கள். வீட்டுக்குச் சொந்தக்காரர் கையெழுத்துப் போட வேண்டும். மாமியார் முதலில் போடவில்லை.

"ஒரு ஆளுக்காக வீட்டை உடைக்கிறதா?"

ஆறு மாதம் கழித்து இளைய மகனுக்குப் பெண் பார்க்க ஆரம்பித்தபோது போட்டாள். முன்வாசல் புதிதாகும், வெள்ளை அடித்துத் தருவார்கள் என்று அவளுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். மூத்தவள் எதுவும் கொண்டுவராமல் வந்த மருமகள். அவள் பெயரில் அந்த வீட்டுக்கு வந்த முதல் சாமான் அந்தக் குளியலறைதான்.

பதினாலு மாதம் கழித்து மேஸ்திரி வந்தார். வாசற்கதவு மூன்றடி. மூத்தவளின் அறைக்கதவு மூன்றடி. குளியலறைக் கதவு மூன்றடி. இளையவனின் அறை திட்டத்தில் இல்லை. அதன் கதவு பழையபடி இரண்டடி இரண்டு அங்குலம். கொல்லைக் கழிப்பறையை மூட வேண்டும் என்பது விதி. பீங்கானைப் பெயர்த்தெடுத்துக் குழாயைப் புதுக் குளியலறைக்குத் திருப்பினார்கள்.

கதவு மாட்டும் நாளில் மேஸ்திரி உளியைக் கீழே வைத்துவிட்டு மூத்தவளைக் கூப்பிட்டார்.

"வாம்மா இங்க. வண்டிய உள்ள விடு. கதவைச் சாத்து. இப்ப கைய நீட்டு. தாழ்ப்பாள் எங்க வேணும்?"

இரண்டு வருடத்தில் அவளிடம் யாரும் எது எங்கே வேண்டும் என்று கேட்டதில்லை. அவள் கையை நீட்டினாள். விரல் நுனி பட்ட இடத்தில் மேஸ்திரி காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துக் கோடு போட்டார்.

"ஊரெல்லாம் தலை உசரத்துல போடறேன். உனக்கு மடி உசரம். இந்த வீட்லயே ராஜ வாசல் இந்தப் பாத்ரூமுக்குத்தான், போ."

பத்தொன்பது நாள். அவள் எண்ணிவைத்திருந்தாள். அந்தப் பத்தொன்பது நாளும் அவள் நினைத்தபோது போனாள், நினைத்தபோது வந்தாள். தண்ணீர் குடித்தாள். சில நேரம் சும்மா உள்ளே போய்த் தாழிட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். வெளியே மாமியார் கதவைத் தட்டுவாள்.

"உள்ள என்ன கோட்டையா கட்டற?"

"வரேன் அத்தை," என்பாள். உடனே வர மாட்டாள்.

அந்தப் பத்தொன்பது நாளின் தொடக்கத்திலேயே இளையவனுக்குச் சம்பந்தம் பேசி முடிந்தது. பெண்ணின் அப்பா தச்சர். வீடு பார்க்க வந்தவரை மாமியார் நேராகக் கொண்டுபோய்க் காட்டியது புதுக் குளியலறையை. வீட்டில் பளபளப்பாக இருந்தது அது ஒன்றுதான். தச்சர் கதவை இரண்டு முறை திறந்து மூடிப் பார்த்தார். பையிலிருந்து டேப்பை எடுத்து நிலையை அளந்தார். மூன்றடி. தாளில் குறித்துக்கொண்டார். மற்றக் கதவுகளை அவர் அளக்கவில்லை. ஒரு வீட்டில் குளியலறைக்கே மூன்றடி விட்டிருக்கிறார்கள் என்றால் படுக்கையறைக்குக் குறைவாகவா விட்டிருப்பார்கள்? முப்பது வருடத் தொழிலில் அப்படி ஒரு வீட்டை அவர் பார்த்ததில்லை.

இரண்டரை வாரம், கடை வேலை முடிந்த பிறகு, மகளுக்காக அந்தப் பீரோவைச் செய்தார். ஏழடி உயரம், ஐந்தடி அகலம், கண்ணாடி வைத்த நடுக்கதவு. ஆணி இல்லை, திருகு இல்லை. எல்லாம் பொருத்தும் பசையும். "கழட்டி மாட்டற சாமானெல்லாம் நாலு வருஷத்துல ஆடும். இது என் பேத்தி காலத்துலயும் ஆடாது," என்று சொல்லியிருந்தார்.

பீரோ வண்டியில் வந்து இறங்கியது. சாய்தளத்தில் வழுக்கிக்கொண்டு ஏறியது. மூன்றடி வாசலில் சிரமமில்லாமல் நுழைந்தது. நடையில் வந்தது. இளையவனின் அறை வாசலில் நின்றது. இரண்டு அங்குலம் போதவில்லை. சாய்த்துப் பார்த்தார்கள், படுக்கவைத்துப் பார்த்தார்கள், அறைக்கதவையே கழற்றிப் பார்த்தார்கள். முன்னறையில் மாமியாரின் கட்டில், மேசை, அடுப்பு எல்லாம் இருந்தன. அங்கே இடமில்லை. மூத்தவளின் அறையில் வைத்தால் வீல்சேர் திரும்பாது. கடைசியில் நடையிலேயே, இளையவனின் அறைக்குப் பக்கத்தில், சுவரோடு நிறுத்தினார்கள்.

"ரெண்டு நாள் இருக்கட்டும்," என்றாள் மாமியார்.

வீல்சேரின் அகலம் இருபத்தைந்து அங்குலம்.

மேஸ்திரி வந்து பார்த்தார். "அந்த ரூம் நிலையப் பேத்து ரெண்டு வரிசை செங்கல் எடுத்தா முடிஞ்சுது. ஒரு நாள் வேலை," என்றார். ஆனால் கல்யாணத்துக்கு அடித்த பெயிண்ட் வாசம்கூடப் போகவில்லை, அதற்குள் புது மாப்பிள்ளை அறையை இடிப்பதா என்றாள் மாமியார். ஃபைல் மூடுவதற்கு முன்னால் வேறு கதவை உடைத்தால் அதிகாரி கேள்வி கேட்பார் என்றான் இளையவன். அதுவும் சரிதான், ஃபைல் மூடட்டும் என்றார் மேஸ்திரி. மூத்தவன் மனைவியைப் பார்த்தான்.

"ஃபைல் மூடட்டும்," என்றான். "அதுவரைக்கும் நான் தூக்கிக்கறேன்."

யாரும் தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. ஒவ்வொருவர் சொன்னதிலும் ஒரு நியாயம் இருந்தது. அவள் மறுபடி தண்ணீரை நிறுத்தினாள்.

ஒரு நாள் மதியம் வீட்டில் யாரும் இல்லாதபோது இளையவள் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மருந்துக் கடையில் வேலை பார்ப்பவள், அதிகம் பேசாதவள். ஒரு லேபிளை எடுத்து விரலில் சுற்றினாள்.

"அக்கா, எங்கப்பா அளந்தது உங்க கதவைத்தான்."

"தெரியும்."

"அவர்கிட்ட இன்னும் சொல்லல. சொன்னா தூங்க மாட்டார்."

"சொல்லாத."

இளையவள் லேபிளைத் திருப்பி வைத்துவிட்டுப் போனாள்.

அதிகாரி பதினோரு மணிக்கு வருவதாகத் தகவல். பத்து மணிக்கே பீரோவை வெளியே எடுத்தார்கள். மூத்தவன் வேனுக்கு மாற்று ஆள் போட்டிருந்தான். இளையவன் தன் செல்போன் கடையிலிருந்து இரண்டு பேரைக் கூட்டிவந்திருந்தான். மேஸ்திரியும் கை கொடுத்தார். அவருக்கு வர வேண்டிய கடைசித் தவணை இன்றைய பார்வையிடலைப் பொறுத்திருந்தது. ஐந்து பேர். வாசலில், சாய்தளத்துக்குப் பக்கத்தில், பீரோ தெருவைப் பார்த்து நின்றது. அதன் கண்ணாடியில் எதிர்வீட்டு மாடி தெரிந்தது. காலையிலிருந்தே வானம் மூடிக்கிடந்தது.

"மழை வந்தா பாலிஷ் போயிடும்," என்றான் இளையவன்.

"பத்து நிமிஷ வேலைடா. போட்டோ எடுத்ததும் உள்ள கொண்டுபோயிடலாம்," என்றாள் மாமியார்.

நடை காலியாக இருந்தது. பீரோ நின்ற இடத்தில் தரை மட்டும் நிறம் மாறி, நீள்சதுரமாக, புதுசாகத் தெரிந்தது. மூத்தவள் தன் அறை வாசலில் வீல்சேரில் உட்கார்ந்து அதைப் பார்த்தாள். மேஸ்திரி போகிற போக்கில் குனிந்து, "தங்கச்சி, கொஞ்சம் சிரிச்ச முகமா இரு. உனக்குப் புண்ணியமாப் போகும்," என்றார்.

அதிகாரி நல்ல மனிதர். வேர்வை வழிய வந்தார். அன்று அவருக்கு எட்டு வீடு, இது மூன்றாவது. தண்ணீர் கேட்டு வாங்கி ஒரே மூச்சில் குடித்தார். சாய்தளத்தின் சரிவை அளந்தார். கதவுகளை அளந்தார். கைப்பிடியைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். நடையை அளந்தார்.

"நாலடி. தாராளமா இருக்கு. பல வீட்ல இது இருக்காது."

"சார்," என்றாள் மூத்தவள்.

எல்லோரும் திரும்பினார்கள். அவள் தரையில் இருந்த நீள்சதுரத்தைக் காட்டினாள்.

"அங்க ஒரு பீரோ இருக்கும் சார். இன்னைக்குத்தான் இல்ல. நீங்க போனதும் உள்ள வந்துடும். அது இருந்தா என் வண்டி போகாது."

அதிகாரி வாசல் பக்கம் பார்த்தார். மேஸ்திரி தன் செருப்பைப் பார்த்தார்.

அதிகாரி அவள் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"இங்க பாருங்கம்மா. என் படிவத்துல கதவு இருக்கு, கைப்பிடி இருக்கு, சாய்தளம் இருக்கு. எல்லாத்துக்கும் ஒரு கட்டம். பீரோவுக்குக் கட்டம் இல்ல. நடை வேற உபயோகத்துல இருக்குன்னு நான் எழுதலாம். எழுதினா மேஸ்திரிக்குப் பணம் நிக்கும். உங்க மாமியாருக்கு நோட்டீஸ் வரும். பீரோ நகருமா? அது எனக்குத் தெரியாது. வீட்டுக்குள்ளேயே பேசித் தீத்துக்கங்க."

அவர் உண்மையாகத்தான் சொன்னார். அவள் தலையாட்டினாள்.

"வாங்க, ஒரு போட்டோ எடுத்துடலாம்."

அவள் சக்கரத்தை உருட்டினாள். இரண்டு மாதத்துக்குப் பிறகு அந்த நடையில் தானாகப் போனாள். நீள்சதுரத்தின் மேல் ஏறி, நேராக. குளியலறைக்குள் போய்த் திரும்பினாள். கைப்பிடியைப் பிடிக்கச் சொன்னார். பிடித்தாள். இந்தப் பக்கம் பார்க்கச் சொன்னார். பார்த்தாள். இரண்டு போட்டோ.

"அவ்வளவுதான். வெளிய வரலாம்."

"கதவைச் சாத்திக்கட்டுமா சார்? போகணும்."

அதிகாரி லேசாகச் சிரித்தார். "தாராளமா. அதுக்குத்தானே கட்டினது."

கதவு மூடியது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. முன்கூட்டி அவள் எதையும் நினைத்து வைத்திருக்கவில்லை. கையை நீட்டினாள், பென்சில் கோடு போட்ட இடத்தில் தாழ்ப்பாள் இருந்தது.

அதிகாரி வாசலுக்கு வந்தார். தாளை வைத்து எழுத இடம் தேடினார். பீரோவின் பக்கப் பலகையில் தாளை அழுத்திப் பிடித்துக்கொண்டு எழுதினார்: பயனாளி பிறர் உதவியின்றித் தாமே பயன்படுத்துகிறார். கீறல் இருந்த பக்கம்தான் அது. மேஸ்திரி கையெழுத்திட்டார். இருவரும் ஒன்றாகக் கிளம்பிப் போனார்கள்.

அவர்கள் தெருமுனை திரும்பும்போது தூறல் விழுந்தது.

"அண்ணி, சீக்கிரம் வாங்க," என்று இளையவன் நடையில் நின்று கத்தினான். "பீரோ நனையுது."

கதவைத் தட்டினான்.

"அண்ணி."

"நான் இங்கயே இருக்கேன்," என்றது உள்ளிருந்து குரல். கோபம் இல்லாத குரல். "முதல்ல அந்த ரூம் கதவை இடிங்க. பீரோ அதுக்குள்ள போகட்டும். அப்புறம் வரேன்."

மாமியார் வேகமாக வந்தாள். "என்னடி பேச்சு இது? மழையில நிக்குது. ஒரு மனுஷனோட உழைப்பு அது. கதவைத் திற."

மழை வலுத்தது. கடைப் பையன்கள் இருவரும் இளையவனைப் பார்த்தார்கள். இளையவன் அம்மாவைப் பார்த்தான்.

"உள்ள கொண்டாங்கடா," என்றாள் மாமியார். "வழி அடைஞ்சா தானா கதவு திறக்கும். எத்தனை பேரைப் பாத்திருக்கேன்."

ஐந்தாவது ஆளாக மேஸ்திரி இல்லை. இளையவளும் ஒரு முனையைப் பிடித்தாள். பீரோ சாய்தளத்தில் ஏறி, மூன்றடி வாசலில் நுழைந்து, தன் பழைய நீள்சதுரத்தில் போய் நின்றது. இனி கதவு திறந்தாலும் வீல்சேர் வெளியே வராது. அது யாருக்கும் உடனே தோன்றவில்லை. இளையவள் தண்ணீர் வடிந்த கண்ணாடியைத் துணியால் துடைத்தாள். துடைத்துக்கொண்டே நின்றுவிட்டாள்.

மூத்தவன் மேஸ்திரிக்கு ஃபோன் போட்டான். அவர் வேறு வீட்டில் கான்கிரீட்டில் நின்றுகொண்டிருந்தார். நாளைக்கு முடியாது, வேண்டுமானால் நாளை மறுநாள் என்றார்.

மூத்தவன் பக்கவாட்டில் நகர்ந்துபோய்க் குளியலறைக் கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்தான்.

"திற. நான் தூக்கிட்டு வரேன்."

"எத்தனை நாளைக்கு?"

அவன் முழங்காலைக் கட்டிக்கொண்டான்.

"முதுகு வலிக்குதுன்னு நீங்க சொன்னதே இல்ல," என்றாள் உள்ளிருந்து. "ஆனா நேத்து மாத்திரை போட்டீங்க. அட்டையப் பாத்தேன்."

"அது சும்மா."

"என்னைத் தூக்காதீங்க. பீரோவைத் தூக்குங்க."

"எங்க கொண்டுபோய் வெக்கறது, சொல்லு."

"அது எனக்குத் தெரியாது. ரெண்டு மாசமா நான் எங்க போறதுன்னு யாருக்கும் தெரியல இல்ல. அந்த மாதிரிதான்."

உள்ளே குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு மிடறு மிடறாகக் குடிக்கும் சத்தம். நிறுத்தி மூச்சு வாங்கி மறுபடி குடித்தாள். அவன் கதவில் காதை வைத்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தான். அவன் அம்மா முன்னறையிலிருந்து இரண்டு முறை கூப்பிட்டாள். எழவில்லை.

ஒரு மணியானது. இரண்டானது. மழை விட்டது. கடைப் பையன்கள் எப்போதோ போய்விட்டார்கள். இளையவன் கொல்லைப் பக்கம் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தான். பழைய கழிப்பறையில் கல்யாணத்தில் மிஞ்சிய நாற்காலிகள் அடுக்கியிருந்தன. பீங்கான் இருந்த இடம் சிமெண்ட் பூசி வழவழப்பாக இருந்தது. அவன் சட்டையை மாட்டிக்கொண்டு, கடையில் வேலை இருக்கிறது என்று யாரையும் பார்க்காமல் சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கினான். ஆண்பிள்ளைக்குத் தெரு இருந்தது.

இளையவள் அறை வாசலில் ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி மாறி நின்றாள். கடைசியில் மாமியாரிடம் வந்தாள்.

"அத்தை, நான் எங்க போறது?"

மாமியார் அவளைப் பார்த்தாள். குளியலறைப் பக்கம் பார்த்தாள். எதிர்வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டோடு தண்ணீர்ச் சண்டைக்குப் பிறகு பேச்சில்லை. அவள் எழுந்து மூத்தவளின் அறைக்குப் போனாள். கட்டிலுக்கு அடியில் கையை விட்டுத் துழாவி, எவர்சில்வர் தட்டை எடுத்தாள். முந்தானையால் தூசியைத் துடைத்தாள். கொண்டுவந்து நீட்டினாள்.

"இதுக்கென்ன. கட்டில்ல படுத்துக்க. நான் எடுக்கறேன். எத்தனை பேருக்கு…"

இளையவளின் முகத்தைப் பார்த்ததும் மீதி வரவில்லை. தட்டை மேசைமேல் வைத்தாள். வைத்த இடம் சரியில்லை என்று எடுத்துக் கீழே வைத்தாள்.

சாப்பிட உட்கார்ந்தார்கள். நால்வருக்குப் போட்ட தட்டில் இரண்டு காலியாக இருந்தன. இளையவளுக்கு விக்கல் எடுத்தது. மாமியார் தம்ளரில் தண்ணீர் ஊற்றி அவள் முன்னால் நகர்த்தினாள்.

இளையவள் தம்ளரைப் பார்த்தாள். நடையைப் பார்த்தாள். பீரோவின் ஓரமாக, மூடிய மூன்றடிக் கதவும் அதன் காலடியில் உட்கார்ந்திருக்கும் கணவனின் அண்ணனும் தெரிந்தார்கள். மறுபடி விக்கல் வந்தது. தம்ளரை இரண்டு விரலால் மெல்லத் திருப்பித் தள்ளினாள்.

"வேண்டாம் அத்தை."

மாமியாரும் அந்தக் கதவு மூடியதிலிருந்து தன் தம்ளரைத் தொடவில்லை.